புதுப்பிப்பு: காட்பாடி ஆட்டுமேசை வழிக்கு வந்துவிட்டது

பட்டறையில் நான் செய்த ஆட்டுமேசையில் (மோட்டாரால் ஆட்டி, தண்ணீர் ஓடவிட்டு, கனமான துகளையும் லேசான துகளையும் பிரிக்கும் சாய்வு மேசை) கல்தூளும் காந்தக்கல் (மேக்னடைட் இரும்புத் தாது) தூளும் சேர்ந்தே வழிகின்றன என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, தீர்ந்தது. மோட்டாரைச் சந்தேகித்தது என் மடத்தனம். சலிக்காமல் கொட்டியதுதான் கோளாறு: பருமனான தாதுத் துகளும் பொடியான கல்துகளும் ஒரே தடத்தில் கலந்துவிடும். இரண்டு சல்லடையில் பிரித்து, தனித்தனியாக ஓட்டினேன். சாய்வையும் தண்ணீரையும் குறைத்தேன்.

இப்போது வரிக்கட்டைகளை (மேசைமேல் வரிவரியாகப் பதித்த மெல்லிய கட்டைகள்) ஒட்டி விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு மறுமுனைவரை நகர்கிறது. வெள்ளைக் கல் பக்கவாட்டில் வழிந்துவிடுகிறது. காந்தத்தை நீட்டினால் கறுப்பு முழுக்க மீசைபோல் ஒட்டுகிறது.

இப்படிப் பிரிவதற்குக் காரணம் கன வித்தியாசம்தான்: காந்தக்கல்லின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு) சுமார் 5.2, அந்த வெள்ளைக் கல்லுக்கு (குவார்ட்ஸ்) 2.65. தங்கத்துக்கு 19.3. "தங்கம் வருமா அண்ணே?" என்று கேட்டவர்களுக்கு: கோலார் பக்கம் போங்கப்பா, இங்கே டிரம் தண்ணீரைச் சுற்றவிடவே படாதபாடு.