கார்டை மாற்றினேன், லேப்டாப் எழவே இல்லை

பழையபெட்டி:
பழைய லேப்டாப்பில் டிரிஸ்குவல் (சுதந்திர மென்பொருள் மட்டுமே உள்ள லினக்ஸ்) போட்டேன், வைஃபை வரவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும், உள்ளே இருந்தது இன்டெல் வைஃபை கார்டு; அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் நிரல்) மூலநிரல் இல்லாதது, டிரிஸ்குவல் அதைச் சேர்ப்பதில்லை. ரிச்சி தெருவில் அந்த ஃபர்ம்வேர் தொல்லை இல்லாத ஏத்தெரோஸ் ஏஆர்9285 கார்டு ஒன்று 300 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆன்டெனா கம்பியை நகத்தால் அழுத்திப் பொருத்திவிட்டு பவர் பட்டனைத் தட்டினால், கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: அங்கீகாரமில்லாத கார்டு, கழற்று. லினக்ஸ் வரை போகவே இல்லை, லேப்டாப்பை எழுப்பும் பயாஸிலேயே நின்றுவிட்டது; தன் பட்டியலில் இல்லாத கார்டை அது ஏற்காதாம். ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கிய மெஷினய்யா!

ராத்திரி_ரூட்:
எனக்கு அடி விழுந்தது இனிட்டில், அதாவது லினக்ஸில் மற்ற எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் முதல் நிரலில். 2016. லாக்அவுட் செய்தாலும் வேலையை ஓடவைக்கும் டீமக்ஸில் பெரிய கம்பைல் ஒன்றை ஓடவிட்டு, லாக்அவுட் செய்து தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் டீமக்ஸே இல்லை. கரண்ட் போனதோ என்று அப்டைம் பார்த்தேன், மூன்று நாளாக நிற்காமல் ஓடுகிறது. சிஸ்டம்டி என்ற இனிட்டின் 230-ஆம் பதிப்பில், லாக்அவுட் ஆனதும் நம் புராசஸ்களைக் கொல்வதை டிஃபால்ட் ஆக்கியிருந்தார்கள். அடுத்த வருடம், டெபியன் லினக்ஸிலிருந்து சிஸ்டம்டி வேண்டாம் என்று பிரிந்த டெவுவான் 1.0 வந்ததும் மாறிவிட்டேன். சுதந்திரம் என்றால் அதுதான்.

கிளிப்_கோபாலு:
ராத்திரி, இதில் சுதந்திரம் எங்கே பறிபோனது? சிஸ்டம்டி எல்ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தில் வருவதுதானே. அதில் லாகினைக் கவனிக்கும் பகுதியான லாகின்டியின் கான்ஃபிக்கில் ஒரு வரியை "நோ" என்று மாற்றினால் முடிந்தது. டெபியன் அதை அணைத்தே கொடுத்தது. பழையபெட்டியின் பயாஸில் அப்படி ஒரு வரியை மாற்றிவிட முடியுமா?

என் கதை சின்னது. பயாஸுக்கு மாற்றான லிப்ரிபூட்டை ஏற்றும்போது, பயாஸ் சிப்பைக் கவ்வும் கிளிப் நழுவி, போர்டு செத்தது. அதனால் சொல்கிறேன்: பழைய லேப்டாப் வாங்கப் போனால் டிரிஸ்குவல் லைவ் யூஎஸ்பியைக் கொண்டுபோய்க் கடையிலேயே பூட் செய்யுங்கள், வைஃபை வந்தால்தான் காசு. ஏத்9கே டிரைவரில் ஓடும் ஏஆர்9280, 9285, 9380 கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் கோப்பே வேண்டாம். கார்டு மாற்ற வழியில்லையா, ஏஆர்9271 யூஎஸ்பி டாங்கிள் வாங்குங்கள்; அதன் ஃபர்ம்வேருக்கு மூலநிரல் இருக்கிறது. லிப்ரிபூட்டை ஃபிளாஷ் செய்வதாக (சிப்பில் எழுதுவதாக) இருந்தால் சிப்பில் உள்ள பழையதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றா என்று பார்த்துப் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

ராத்திரி_ரூட்:
அந்த "ஒரு வரி" இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, கோபாலு. உரிமம் சரிதான். க்னோம் டெஸ்க்டாப்புக்கே லாகின்டி வேண்டும் என்று ஆனபின், சிஸ்டம்டி இல்லாமல் வாழ, லாகின்டியை மட்டும் பிரித்தெடுத்து ஈலாகின்டி என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழையபெட்டி:
நான் யோசனை கேட்கவே இல்லை. ஆனாலும் டாங்கிள் வாங்கிவிட்டேன். 300 ரூபாய் கார்டு டிராயரில் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?