சிசேரியன் குழந்தைக்கு நல்ல பாக்டீரியா போகாதாமே, எதிர்ப்பு சக்தி கம்மியாகுமா?

குட்டிமா அம்மா:
பொண்ணுக்கு இன்னையோட 19 நாள். அவசர சிசேரியன், பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமானதால எனக்கு ஆன்டிபயாடிக் வேற போட்டாங்க, மொத ரெண்டு நாள் பால் சரியா சுரக்கல, நர்ஸ் அக்காதான் சீம்பாலை சொட்டு சொட்டா பீச்சி பாலாடையில புகட்டினாங்க. இப்ப நல்லா குடிக்கிறா. ஆனா சிசேரியன் குழந்தை குடல்ல நல்ல கிருமி இருக்காது, பின்னாடி ஆஸ்துமா வரும்னு நேத்து படிச்சதுலேர்ந்து தூக்கமே இல்ல. மெடிக்கல்ல நல்ல கிருமி கலந்த ப்ரோபயாடிக் ட்ராப்ஸ் இருக்குங்கறாங்க, அத்தை விரல்ல தேன் தொட்டு நாக்குல சேனை வைக்கலாம்ங்கறாங்க. என்ன பண்ணட்டும்?

லேப்_கோட்டு:
பயப்படாதீங்க சகோ. நீங்க படிச்சதுல பாதி உண்மை. இங்கிலாந்துல கிட்டத்தட்ட 600 குழந்தைங்க மலத்தை எடுத்து பார்த்த ஆய்வு 2019ல வந்துச்சு, சிசேரியன் குழந்தைங்க குடல்ல பாக்டீராய்டிஸ்ங்கற குடல் பாக்டீரியா ரொம்ப கம்மி, ஆஸ்பத்திரியில சுத்துற என்டரோகாக்கஸ், க்ளெப்சியெல்லாங்கற கிருமிங்க ஜாஸ்தி. ஆனா அதே ஆய்வுல, 6–9 மாசத்துல வித்தியாசம் பெரும்பாலும் சமமாகிடுச்சு, பாக்டீராய்டிஸ் மட்டும் கொஞ்சம் பின்தங்குச்சு, இதை யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

கிருமி முக்கியம்தான். கிருமியே இல்லாம வளர்க்குற எலிகளுக்கு குடல் சுவர்ல இருக்குற எதிர்ப்பு திசு சுண்டிப்போய் இருக்கும், குடலை காக்குற ஐஜிஏங்கற ஆன்டிபாடி ரொம்ப கம்மியா இருக்கும். பாக்டீரியா நார்ச்சத்தை புளிக்க வச்சு ப்யூட்டிரேட் மாதிரி அமிலம் விடும், அதுதான் "சும்மா இரு, இது சோறு, எதிரி இல்ல"ன்னு எதிர்ப்பு சக்தியை அடக்குற டி செல்ங்கற ரத்த செல்களை வளர்த்து விடுது.

உங்க கையில இருக்குற பெரிய விஷயம் தாய்ப்பால். அதுல குழந்தையால செரிக்கவே முடியாத ஒலிகோசாக்கரைடுங்கற சர்க்கரை நிறைய இருக்கு. பிள்ளைக்கு செரிக்காததை உடம்பு எதுக்கு மெனக்கெட்டு செய்யுது? குடல்ல இருக்குற பிஃபிடோபாக்டீரியாங்கற நல்ல கிருமிக்கு சோறு போடத்தான்! இதை மொத தடவை க்ளாஸ்ல கேட்டப்ப எனக்கு புல்லரிச்சுடுச்சு.

வார்டு சிஸ்டர்:
சேனை வேண்டவே வேண்டாம்மா. தேன்ல இருக்கக்கூடிய க்ளாஸ்ட்ரிடியம்ங்கற கிருமியோட வித்து ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு ஆபத்து, விரல்லேர்ந்து போற கிருமி வேற. ஆறு மாசம் வெறும் தாய்ப்பால்தான், தண்ணி கூட கூடாது.

ட்ராப்ஸ் விஷயத்துல, ஒடிசா கிராமங்கள்ல 4,556 பச்சக் குழந்தைங்கள வச்சு நடந்த ஆய்வு 2017ல வந்துச்சு. லாக்டோபேசில்லஸ் ப்ளாண்டாரம்ங்கற நல்ல கிருமியில ஒரு குறிப்பிட்ட வகையும் அதுக்கு தீனியா ஒரு சர்க்கரையும் சேர்த்து ஏழு நாள் கொடுத்தாங்க, செப்சிஸ்ங்கற கடுமையான தொற்று வந்த, இல்ல இறந்துபோன குழந்தைங்க 9 சதவீதத்துலேர்ந்து 5.4ஆ குறைஞ்சாங்க. படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு, நான் பார்த்த வார்டு அப்படி. ஆனா அது அந்த வகைக்கு, அந்த ஊர்ல, ரத்தத்துல பரவுற தொற்றுக்கு கிடைச்ச பலன். கடையில கிடைக்குற ஏதோ பாட்டில் ஆஸ்துமாவை தடுக்கும்னு அர்த்தமில்ல. குறைமாசக் குழந்தைங்களுக்கு ப்ரோபயாடிக்ல இருக்குற கிருமியாலயே ரத்தத்தொற்று வந்திருக்கு, அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023ல எச்சரிச்சாங்க. குழந்தை டாக்டரை கேக்காம வாங்காதீங்க.

ரெட்டைவால்:
என் ரெண்டும் சிசேரியன்தான் அக்கா, ஆஸ்துமா கொஞ்சம் கூடுதலா வருதுன்னு ஆய்வு சொல்றது நெசம்தான், ஆனா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வர்றதில்லன்னு எங்க டாக்டர் சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

குட்டிமா அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அழுதுட்டே படிச்சேன். அத்தைகிட்ட சிஸ்டர் சொன்னதை அப்படியே படிச்சு காட்டினேன், சரின்னுட்டாங்க. ஒரே ஒரு டவுட், வேலைக்கு போனப்புறம் பீச்சி ஃப்ரிட்ஜ்ல வச்சு கொடுத்தா அந்த சர்க்கரை போயிடுமா?

லேப்_கோட்டு:
போகாது. உறைய வச்சாலும் தாங்கும்.