'லுக் அண்ட் ஃபீல்': இடைமுகப் பாங்கு என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

கணினி நிரலின் இடைமுகம் (பயனர் பார்த்து இயக்கும் திரைமுகம்) எப்படித் தெரிகிறது, எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லும் 'லுக் அண்ட் ஃபீல்' என்பதற்குத் தமிழில் 'தோற்றமும் உணர்வும்' என்று நம் கலைச்சொல் உரையாடலில் வந்த பரிந்துரையை ஏற்க எனக்கு மனமில்லை. தோற்றம் சரி. 'உணர்வு' என்று எழுதினால், திரையைப் பார்த்ததும் மனதில் எழும் ஏதோ ஒன்று என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஃபீல் குறிப்பது அதையல்ல. சுட்டியின் எந்தப் பொத்தான் எதைச் செய்யும், பட்டி எப்போது விரியும், சாளரத்தின் மேல் சுட்டி வந்தாலே தட்டச்சு அங்கே போகுமா அல்லது சொடுக்க வேண்டுமா என்பதெல்லாம்தான் ஃபீல்.

இதை விளக்க, யூனிக்ஸ் இயங்குதளப் பணிநிலையங்களில் (வொர்க்ஸ்டேஷன்) ஓப்பன் லுக், மோட்டிஃப் என்ற இரண்டு இடைமுகங்களுக்கு இடையே நடந்த போட்டியை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. எம்ஐடியில் 1984இல் தொடங்கிய எக்ஸ் சாளர அமைப்பு, 1987இல் பதினோராம் பதிப்பை எட்டியது. சாளரம் வரையவும், விசை, சுட்டி அசைவுகளை நிரலுக்குச் சொல்லவும் அது வழி செய்தது. பொத்தான் எப்படி இருக்க வேண்டும், அழுத்தினால் எப்படி நடக்க வேண்டும் என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டது. அந்த இடத்தைப் பிடிக்க இரண்டு அணிகள் வந்தன. ஏடி அண்ட் டியும் சன் மைக்ரோசிஸ்டம்ஸும் 1988இல் ஓப்பன் லுக்கை அறிவித்தன. அதே ஆண்டில் ஐபிஎம், ஹெச்பி, டெக் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைத் தொடங்க, அங்கிருந்து 1989இல் மோட்டிஃப் வந்தது.

பார்வைக்கே இரண்டும் வேறு. மோட்டிஃபின் பொத்தான்கள் விளிம்பில் நிழல் விழுந்து புடைத்து நிற்கும். ஓப்பன் லுக்கில் பொத்தானின் ஓரங்கள் வளைந்திருக்கும். பட்டியின் மூலையில் ஒரு குண்டூசிப் படம் இருக்கும், அதைக் குத்திவிட்டால் பட்டி மூடாமல் திரையிலேயே நிற்கும்.

ஆனால் ஆளைத் தடுமாற வைத்தது தோற்றமில்லை. ஓப்பன் லுக்கில் சாளரப் பட்டியின் 'க்ளோஸ்' சாளரத்தைச் சின்னமாகச் சுருக்கும். நிரலை முடிக்க 'க்விட்' என்று தனியே உண்டு. மோட்டிஃபில் அதே 'க்ளோஸ்' சாளரத்தை மூடியே விடும். சுருக்க 'மினிமைஸ்' வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றதில் போய், சுருக்க நினைத்து வேலையை மூடிவிடும். இந்த வேறுபாட்டை 'உணர்வு' என்ற சொல்லால் எழுத முடியுமா? 'இரண்டின் உணர்வும் வேறு' என்றால் யாருக்கு என்ன விளங்கும்?

ஆகவே என் பரிந்துரை: முழுமைக்கு 'இடைமுகப் பாங்கு'. அதற்குள் லுக் 'தோற்றப்பாங்கு', ஃபீல் 'பழகுபாங்கு'. பழகுதல் என்பதில் ஒன்றோடு ஊடாடுவதும் இருக்கிறது, ஊடாடி ஊடாடிக் கைக்கு வசமாவதும் இருக்கிறது. உருள்பட்டை (ஸ்க்ரோல் பார்) போல இதுவும் வினைத்தொகை. வேற்றுமை உருபு ஏற்றாலும் உறுத்தாது. 'பழகுபாங்கில் மாறுபடும்', 'மோட்டிஃப் பாங்கிலான பொத்தான்' என்று எழுதிப் பாருங்கள். 'ஸ்டைல் கைட்' என்பதும் 'பாங்குக் கையேடு' என்று இதிலிருந்தே பிறந்துவிடும். 'பாணி' என்ற மாற்றுப் பரிந்துரை எனக்கும் பிடித்ததுதான். அப்புறம் பார்த்தால், எழுத்துரு, பத்தி அமைப்புக்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அங்கே அது தோற்றத்தை மட்டுமே சுட்டுகிறது.

இரண்டு சொற்கள் இருக்கும்போது முழுமைக்குத் தனிச்சொல் எதற்கு என்ற கேள்விக்கு: 1988இல் மைக்ரோசாஃப்ட் மீது ஆப்பிள் தொடுத்த வழக்கே இதைச் சுற்றித்தான். இடைமுகத்தை முழுமையாகப் பார்த்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) தர வேண்டும் என்றது ஆப்பிள்; கூறு கூறாகப் பிரித்துத்தான் பார்ப்போம் என்றன நீதிமன்றங்கள். இந்த வழக்கைத் தமிழில் எழுத முழுமைக்கும் சொல் வேண்டும், கூறுகளுக்கும் சொல் வேண்டும்.

யூனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ் உருவாக்கிய மூலிட் என்ற கருவித்தொகுதி (பொத்தான், பட்டி முதலியவற்றை ஆயத்தமாகத் தரும் 'டூல்கிட்') இன்னொரு சோதனை. அதில் எழுதிய ஒரே நிரலை ஓப்பன் லுக் முகத்தோடும் இயக்கலாம், மோட்டிஃப் முகத்தோடும் இயக்கலாம். 'இயக்கும்போதே பாங்கைத் தேர்ந்துகொள்ளலாம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது.

'ஸ்டாண்டர்ட்' பற்றியும் ஒன்று. ஓப்பன் லுக், மோட்டிஃப் இரண்டையும் 'செந்தரம்' என்று பொதுவாக எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஓப்பன் லுக் முதலில் ஒரு விவரக்குறிப்பு (ஸ்பெசிஃபிகேஷன்). அதை வைத்து எக்ஸ்வியூ, ஒலிட் எனப் பல கருவித்தொகுதிகள் வந்தன. மோட்டிஃபோ பாங்குக் கையேடு, கருவித்தொகுதி, சாளர மேலாளர் (விண்டோ மேனேஜர்) மூன்றும் சேர்ந்தே வந்தது; பின்னர் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயிடம் ஐஇஇஇ 1295 என்ற எண்ணில் முறையான செந்தரமும் ஆனது. 1993 மார்ச்சில் சன் உள்ளிட்ட நிறுவனங்கள் பொதுப் பணிமேடைக்கு (காமன் டெஸ்க்டாப்) ஒப்புக்கொண்டு, அதை மோட்டிஃப் மீது கட்ட முடிவெடுத்தபோது ஓப்பன் லுக் வழக்கொழியத் தொடங்கியது. அமைப்பு ஒன்று ஏற்று வெளியிட்டதைச் செந்தரம் என்போம். அதற்கு முந்தைய நிலைக்கு 'விவரக்குறிப்பு' இருக்கட்டும்.

பொத்தான், பட்டி போன்ற ஒவ்வொன்றையும் குறிக்கும் 'விட்ஜெட்' மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. 'இடைமுக உறுப்பு' பொருளுக்குப் பொருந்துகிறது, ஆனால் நிரலில் ஒரு வரிக்கு நான்கு முறை வரும் சொல்லுக்கு அது நீளம். குறுகலாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.