தமிழ்த் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டினால் என்ன வரவேண்டும்?

எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸ் ரோஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் சங்கத்துக்காகப் பைத்தான் நிரல்மொழியில் 'தமிழ்த்தேதி' என்று ஒரு கிளாஸ் (தேதியையும் அதன் கணக்குகளையும் ஒன்றாக வைக்கும் நிரல் பகுதி) எழுதி வருகிறேன். உள்ளே இருப்பது ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிவரும் தொடர் நாள் எண் ஒன்றுதான். அதனால் நாள் கூட்டல், கழித்தல் வம்பில்லாமல் நடக்கிறது. 2025 தைப்பூசம் பிப்ரவரி 11, அதாவது தை 29. பத்தைக் கழித்தால் தை 19. காவடி விரதக் கணக்குக்கு இது போதும்.

மாதத்தைக் கூட்டும்போதுதான் மாட்டிக்கொண்டேன். 2024இல் ஆனிக்கு 32 நாள், ஆடிக்கு 31. ஆனி 32உடன் ஒரு மாதம் கூட்டினால் ஆடி 31ஆ, ஆவணி 1ஆ? நான் ஆடி 31க்கே இழுத்து நிறுத்தினேன். அதிலிருந்து ஒரு மாதம் கழித்தால் ஆனி 31 வருகிறது! திரும்ப ஆனி 32 வராததால், நிரலைச் சரிபார்க்கும் டெஸ்ட் தோற்றுச் சிவப்பாக நிற்கிறது.

அடுத்தது இன்னும் மோசம். அஸ்தமனத்துக்கு முன் சங்கராந்தி (சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம்) வந்தால் அன்றே மாதப் பிறப்பு. சென்னைக்கும் எங்களுக்கும் ஒன்றரை மணி வித்தியாசம். அங்கே மாலை 6.45 என்றால் மறுநாள்தான் முதல் தேதி. இங்கே அப்போது 5.15, வெளிச்சம் இருக்கும், அன்றே. பூசாரி ஐயாவோ, "சென்னைப் பஞ்சாங்கத்தை மாற்றாதே தம்பி" என்கிறார். அவரிடம் வாதாட என்னால் ஆகாது.

ஊரை கிளாஸுக்குள்ளேயே வைப்பதா, மாத நீள அட்டவணையை வெளியிலிருந்து கொடுப்பதா? அப்படியானால் இரண்டு ஊர்த் தேதிகளை எப்படி ஒப்பிடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். என் நிரலைப் பின்னூட்டத்தில் போடுகிறேன்.