‘கிளைமேட் கண்ட்ரோல்’ – ‘பதநிலைப்பி’ சரிவருமா?

நண்பர்களே,

நாம் வைத்த வெப்பநிலையைக் காருக்குள் தானாகவே காக்கும் ஆட்டோமேட்டிக் கிளைமேட் கண்ட்ரோலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த இரண்டு பரிந்துரைகளும் எனக்கு ஒப்பவில்லை. ‘காலநிலைக் கட்டுப்பாடு’ என்றால் படிப்பவர் மழை, பருவம், புவி வெப்பமாதல் என்று எங்கோ போய்விடுவார். ‘தானியங்கிக் குளிரூட்டி’ பரவாயில்லை, ஆனால் கருவி செய்யும் வேலையில் பாதியைத்தான் சொல்கிறது.

டீஃப்ராஸ்ட் பொத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்நாளில் முன்கண்ணாடி உள்பக்கம் மங்கிப்போனால் அதை அழுத்துகிறோம். சூடான காற்று வருகிறது, கூடவே ஏசி விளக்கும் எரிகிறது. பழுது என்று நினைத்து ஏசியை அணைப்பவர்கள் உண்டு. உள்ளே நடப்பது வேறு. காற்று முதலில் ஏசியின் குளிர்ந்த பகுதியான ஆவியாக்கியைக் கடக்கும்போது அதன் ஈரம் நீராகி வடிந்துவிடும். காய்ந்த அந்தக் காற்றை, எஞ்சினின் சுடுநீர் ஓடும் ஹீட்டர் கோர் சூடேற்றிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. குளிர்விப்பதும் சூடாக்குவதும் ஒரே நேரத்தில். இதைப் போய் குளிரூட்டி என்றால் விளக்கக் குறிப்பு எழுதுபவர் பாடு திண்டாட்டம்தான்.

அதனால் என் பரிந்துரை ‘பதநிலைப்பி’. பதமான சூடு என்கிறோமே, அந்தப் பதத்தில் நிலைநிறுத்துவது. ‘இதநிலைப்பி’ என்றும் யோசித்தேன். ‘இதம்’ வடசொல் என்று உடனே இங்கே ஒரு கிளைச்சண்டை தொடங்கும், வேண்டாம். 1964 மாடல் கேடிலாக் கார்களில் முழுத் தானியங்கி அமைப்பு முதலில் வந்தபோது அதற்கு வைத்த பெயர் ‘கம்ஃபர்ட் கண்ட்ரோல்’. அதிலும் குளிர் இல்லை, காலநிலையும் இல்லை.

அடுத்தது, திரையில் நாம் வைக்கும் எண். ‘குளிர் அளவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை ஏற்றால் தவறான பழக்கத்துக்கு நாமே பெயர் சூட்டியதாகிவிடும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் பலர் எண்ணை 24-லிருந்து 18-க்கு இறக்குகிறார்கள், சீக்கிரம் குளிரும் என்று. உள்ளே 45 டிகிரி கொதிக்கும்போது 24 என்று வைத்தாலும் கருவி தன் முழுப் பலத்தோடுதான் ஓடும். அந்த எண் சொல்வது வேகத்தை அல்ல, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை. ஆகவே ‘இலக்கு வெப்பநிலை’. காற்றுவாயில் வெப்பமானியைச் செருகி, “24 வைத்தேன், 8 காட்டுகிறதே” என்று கேட்பவருக்கும் இதே சொல் பதில் சொல்லிவிடும். 24 என்பது இருக்கைப் பக்கம் வர வேண்டிய அளவு, காற்றுவாயில் வரும் காற்றுக்கானது இல்லை. குளிர்ந்த காற்றில் எவ்வளவு பங்கு ஹீட்டர் பக்கம் போக வேண்டும் என்பதைச் சின்ன மோட்டார் ஒன்று திருப்பும் தடுப்பு முடிவு செய்கிறது. அதற்குக் ‘கலப்பு மடல்’ போதும்.

எண்ணை இன்னும் இறக்கினால் ‘லோ’ என்று வருமே, அது தனி வகை. பல கார்களில் அங்கே இலக்கு என்பதே கிடையாது. மடல் ஒரேயடியாகக் குளிர்ப்பக்கம் போய் நின்றுவிடும். ‘குறைவு’ என்று பெயர்த்தால் ஏதோ குறைந்த வெப்பநிலை போலத் தோன்றும். ‘முழுக்குளிர்’, எதிர்முனைக்கு ‘முழுச்சூடு’ என்போம்.

உணரிகளில் (சென்சார்) எனக்குப் பிடித்தது ‘வெயிலுணரி’. டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கருப்புக் குமிழ். அதன் மேல் துணியோ காகிதமோ கிடந்தால் வெயிலே இல்லை என்று கருவி நினைத்துக்கொள்ளும். நாம் வேர்த்துக்கொண்டிருக்க, விசிறி சோம்பலாகச் சுற்றும். ‘அகவெப்ப உணரி’ டேஷ்போர்டில் ஒரு சின்னச் சல்லடைக்குப் பின்னால் இருக்கும். காருக்குள் உள்ள காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சித்தான் அது அளக்கிறது, அங்கே தூசி அடைத்தால் கணக்கு கெட்டுவிடும். ‘புறவெப்ப உணரி’ முன் பம்பரை ஒட்டி இருப்பதால், கார் நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் சூடு அதில் ஏறும். அதை அப்படியே நம்பக் கூடாது என்று, வண்டி ஓடத் தொடங்கும் வரை வெளி வெப்பநிலை எண்ணை ஏற்றாமல் பிடித்துவைக்கும் கார்கள் உண்டு. இந்த மூன்று பெயர்களிலும் எனக்கு மறுப்பில்லை.

உள்காற்றையே திரும்பச் சுற்றவிடும் ரீசர்குலேஷனுக்கு ‘உட்சுழற்சி’ என்று முன்பே சொன்னார்கள். சரி, முடிந்தது.

இன்னும் சிக்கல் ‘ஆட்டோ’ பொத்தானில்தான். ‘தானி’ என்று எழுதலாம், இரண்டே எழுத்து, பொத்தானில் அடங்கும். ஆனால் அதை ஆட்டோரிக்‌ஷாவுக்குக் கொடுத்தாயிற்று. ‘தன்னியக்கம்’ நீளம். வெறும் ‘தானே’ என்று போட்டால் எப்படி இருக்கும்? அழுத்திய பிறகு விசிறியின் வேகத்தை நாம் கையால் மாற்றினால் பல கார்களில் அந்தப் பொத்தானின் விளக்கு அணைந்துவிடும், மற்றவை தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.