சப்கிளாஸுக்குத் தமிழில் என்ன? ‘வர்ம ஆசான்’ மதிப்பீட்டை ஒட்டி

> சப்கிளாஸ் என்பதற்கு ‘உட்பிரிவு’ போதும். எல்லோருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

குழுவினருக்கு வணக்கம். பகடை உருட்டி, கதாபாத்திரமாக நடித்து ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ‘சப்கிளாஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும்போது வந்த கருத்துதான் மேலே இருப்பது.

எல்லோருக்கும் புரியும் என்பதுதான் சிக்கல். எங்கள் குமரி மாவட்டத்தில் ‘உட்பிரிவு’ என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் பட்டாவை எடுத்துக்கொண்டு வருவார், இன்னொருவர் சாதிச் சான்றிதழை. இரண்டாவதை நம் விளையாட்டு மேசைக்குக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. முதலாவது அதைவிட மோசமாக வழிதவற வைக்கிறது. நிலத்தை உட்பிரிவு செய்தால் ஒவ்வொருவர் கைக்கும் வருவது முழு நிலத்தைவிடக் குறைவு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. கிளாஸ், அதாவது துறவி, திருடர் என்று கதாபாத்திரம் ஏற்கும் வகை, நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ‘துறை’, முழுதாக அப்படியே இருக்கிறது. அந்தத் துறைக்குள் ஒருவர் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பயிற்சியான சப்கிளாஸ் அதன்மேல்தான் வந்து சேர்கிறது. நாம் ஆடும் 2014 விதிகளில் வெறுங்கையால் சண்டையிடும் துறவிக்கு 3, 6, 11, 17 ஆகிய வளர்ச்சி நிலைகளில் சப்கிளாஸ் திறன்கள் கிடைக்கின்றன. இடைப்பட்ட நிலைகளில் துறையின் சொந்தத் திறன்கள் தடையின்றி வந்துகொண்டே இருக்கின்றன.

இதை வெறும் சொல் சண்டையாக நினைக்க வேண்டாம். நாகர்கோவில் நண்பர்கள் உருவாக்கிய ‘வர்ம ஆசான்’ என்ற துறவி சப்கிளாஸை ஆடிப் பார்த்தவர்கள் எழுதித் தந்த படிவங்களைப் படித்தேன். ‘உட்பிரிவின் திறன்களுக்கு மதிப்பெண் தருக’ என்று படிவம் கேட்கிறது. அவர்களும் அந்தத் திறன்களை மட்டும் தனியே பிய்த்தெடுத்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். ஆனால் துறவியோடு ஒட்டவைத்துப் பார்த்தால்தான் ஓட்டைகள் தெரிகின்றன.

மூன்றாம் நிலையின் ‘தொடுவர்ம’த்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அடி பட்டதும் ஒரு கூடுதல் செயலும் (ஒருவர் முறைக்கு ஒன்றுதான் கிடைக்கும்) ஒரு வாசிப் புள்ளியும் செலவிட வேண்டும். (துறவி தன் திறன்களுக்குச் செலவிடும் உள்ளாற்றலான கி என்பதை ‘வாசி’ ஆக்கியவருக்கு என் கைகுலுக்கல்.) எதிராளி உடலுரத் தடுப்பில், அதாவது உடலுறுதியைக் கொண்டு தாக்கத்தைத் தாங்க உருட்டும் பகடையில், தோற்றால் அவனுடைய வேகம் பாதியாகும், மற்றவர் முறையில் பதிலுக்குச் செய்யும் எதிர்வினையும் போய்விடும். தனியே படித்தால் அருமை. ஆனால் துறவியின் கூடுதல் செயலுக்கு ஏற்கெனவே பெரிய வரிசை நிற்கிறது: வெறுங்கை அடி, ஒரு புள்ளிக்கு இரண்டு அடி தரும் ‘அடிமழை’, தற்காப்பு, பாய்ந்தோடல். மூன்றாம் நிலையில் கையிலிருப்பதே மூன்று வாசிப் புள்ளிகள். அடிமழையை விட்டுவிட்டு யார் தொடுவர்மத்துக்குப் போவார்கள்? போதாததற்கு, பழைய ‘திறந்த கை’ வழிக்காரர் (இதுவும் ஒரு துறவி சப்கிளாஸ்தான்) அடிமழையில் படும் ஒவ்வோர் அடியோடும் எதிராளியின் எதிர்வினையைப் பறித்துவிடலாம். அதற்குத் தடுப்பு உருட்டலே கிடையாது, கூடுதல் புள்ளியும் வேண்டாம்.

ஐந்தாம் நிலையில் நிலைமை இன்னும் மோசமாகிறது. அங்கே எல்லாத் துறவிகளுக்கும் ‘திகைப்படி’ வந்துவிடுகிறது. அதே ஒரு புள்ளி, அதே உடலுரத் தடுப்பு. ஆனால் எதிராளி முழுதாகத் திகைத்து நிற்பான். மெய்யறிவு 16 உள்ள துறவிக்கு எதிராக எட்ட வேண்டிய தடுப்பு எண் 8+3+3 (அடிப்படை 8, ஐந்தாம் நிலைத் தேர்ச்சிக்கு 3, மெய்யறிவுக்கு 3), ஆக 14. உடலுரம் +3 உள்ள ஒரு பிராணி இருபது முகப் பகடையில் 11-க்குக் கீழே உருட்டினால் தோற்கும், சரிபாதி வாய்ப்பு. தோற்ற பிறகு தோழர்கள் எல்லோரும் அதன்மேல் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். 11 தேவைப்படும் அடி 50 விழுக்காட்டிலிருந்து 75-க்குத் தாவுகிறது. இதன் பக்கத்தில் தொடுவர்மம் எதற்கு? மூன்றாம் நிலையில் தொட்டில், ஐந்தாம் நிலையில் பாடை.

வர்ம அடியின் விளைவை நீக்கும் ஆறாம் நிலையின் ‘இளக்குமுறை’யும் புதிதல்ல. திகைப்பு, முடக்கம், நஞ்சு, குருடு, செவிடு ஆகியவற்றை நீக்கும் திறன், 2020-இல் வந்த ‘கருணை’ வழிக்கு அதே ஆறாம் நிலையில் இருக்கிறது. பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

இவ்வளவு குறை சொன்னாலும் எனக்கு வர்ம ஆசானைக் கைவிட மனமில்லை. 96 தொடுவர்மம், உயிருக்கே ஆபத்தான 12 படுவர்மம் என்று 108 இடங்களைக் கணக்கு வைத்திருக்கும் ஒரு கலையில் எடுத்தாள வேறு சரக்கே இல்லையா? வர்மத்தில் காலக்கெடு உண்டு. இந்த இடத்தில் பட்ட அடியை இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். ஒரு நாழிகை 24 நிமிடம். அடித்தவுடன் ஒன்றும் ஆகாது, கெடு முடியும்போதுதான் விளைவு வரும், இளக்கத் தெரிந்தவர் அடித்த ஆசான் ஒருவர்தான் என்று வையுங்கள். சண்டையின் நடுவே பேரம் தொடங்கிவிடும். ‘கதவைத் திற, இளக்கிவிடுகிறேன்’ என்று துறவி சொல்லலாம். பதினேழாம் நிலைத் திறந்த கைக்காரருக்கு நாள் கணக்கில் காத்திருக்கும் ‘நடுங்கும் உள்ளங்கை’ உண்டு என்பது தெரியும். ஆனால் அது கொலைக்கு. மூன்றாம் நிலையில் கொல்லாத கெடு ஒன்று எந்தத் துறவிக்கும் இல்லை. அதை அடிமழையோடு சேர்த்து, தனிச் செயல் கேட்காமல் தரலாம். படுவர்மத்தைப் பதினேழாம் நிலைக்கு வைத்தது மிகச் சரி. எந்த ஆசானும் அதை வந்த புதிதில் சொல்லித்தர மாட்டார்.

சொல்லுக்கு வருகிறேன். ‘துணைத்துறை’ என்றால் தரம் குறைந்தது போலிருக்கிறது. ‘உட்துறை’ என்றால் போலீஸ் வந்துவிடும். என் முன்மொழிவு: கிளைநெறி.

தக்கலையிலிருந்து

—

> என் முன்மொழிவு: கிளைநெறி.

அண்ணாச்சிக்கு வணக்கம். வர்ம ஆசானைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. கெடு யோசனையை உருவாக்கியவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

ஆனால் ‘நெறி’ உதைக்கிறது. திருடர் துறைக்கு என்ன செய்வீர்கள்? அதில் வரும் கொலையாளி சப்கிளாஸுக்கும் ஒரு நெறி என்றால் பள்ளிக்கூடத்து நீதிபோதனை வகுப்பு போலிருக்கிறது. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் கள்வர்களைப் பற்றிப் பேசும்போதுகூட ‘மரபு’ என்றுதான் சொல்கிறான், இழுக்குடைய மரபு என்று. ஆகவே கிளைமரபு. கணினி நிரலாக்கத்தில் தாய் வகுப்பின் பண்புகளெல்லாம் சேய்க்கு வருவதை ‘மரபுரிமம்’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். துறை குறையாமல் வருகிறது, மேலே ஏதோ சேர்கிறது என்ற உங்கள் வாதத்துக்கு இதுதான் பொருந்தும்.

மார்த்தாண்டத்திலிருந்து

—

> ஆகவே கிளைமரபு.

போன மாதம் மேசையில் உட்கார்ந்து செய்ததை மரபு என்பது கொஞ்சம் துணிச்சல்தான் தம்பி. இருந்தாலும் திருடர் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, ஏற்கிறேன். ‘கிளை’யும் சாதிப் பேச்சில் வரும், சம்பந்தம் பேசும்போது சிலர் கேட்பார்கள் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொல்லுக்கு மரத்திலும் ஆற்றிலும் வங்கியிலும் வேறு பிழைப்பு நிறைய இருக்கிறது, உட்பிரிவுக்கு அப்படியில்லை.

ஒவ்வொரு துறைக்கும் உள்ள தனிப்பெயர்கள் அப்படியே இருக்கட்டும். துறவிக்கு ‘வழி’, புனித வீரனுக்கு ‘வஞ்சினம்’, ஒப்பந்த மந்திரவாதிக்குப் ‘புரவலர்’. பொதுப்பெயர் மட்டும் கிளைமரபு.

படிவத்தின் கேள்வியையும் மாற்றிவிட்டேன்: ‘இந்தக் கிளைமரபு உங்கள் துறையின் எந்தத் திறனோடு மோதுகிறது? எதை வேலையில்லாமல் ஆக்குகிறது?’ அடுத்த ஆட்டத்துக்கு எல்லோரும் ஐந்தாம் நிலைத் துறவியோடு வாருங்கள். மூன்றாம் நிலையில் சோதித்துப் பயனில்லை.

தக்கலையிலிருந்து