பண்ணைக் கதைகளில் ஆட்டுக்குட்டி எப்போதும் பிழைத்துக்கொள்ள வேண்டுமா?

மறுகரை:
ஞாயிறு பள்ளியில் எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்புக்குக் கதைப் புத்தகம் வாங்கும் பொறுப்பும் என்னுடையதுதான். பண்ணையில் வளரும் அண்ணன் தங்கைகள் விசுவாசத்தைக் கற்றுக்கொள்ளும் கதைகள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் ஒரே போக்கு. பிள்ளைகள் தாத்தாவின் பண்ணைக்கு வருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவன் பட்டிக் கதவைத் தாழிட மறக்கிறான். குட்டி வெளியே போய்ப் பனியில் விறைத்துப்போகிறது. எல்லோரும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறார்கள், விடிவதற்குள் குட்டி எழுந்து நிற்கிறது. இந்த முடிவை நான் எதிர்க்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஜெபித்தும் பாட்டியை இழந்தவர்கள் உண்டு, தாயை இழந்தவர்களும் உண்டு. நான் சரியாக ஜெபிக்கவில்லையோ என்ற சந்தேகத்தைத்தான் இந்தக் கதை அவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறது.

கடுகுவிதை:
சகோதரி, உங்கள் மனபாரம் புரிகிறது. ஆனாலும் நான் உடன்படவில்லை. எட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு முதலில் வேண்டியது, தேவன் கேட்கிறார் என்ற நிச்சயம். பவுல் கொரிந்தியருக்கு எளிய போதனையாகிய பாலைத்தான் முதலில் கொடுத்தேன் என்கிறார். எல்லாவற்றையும் இழந்த யோபு உட்கார்ந்திருந்த சாம்பல் மேட்டிலிருந்து பாடத்தைத் தொடங்க முடியுமா? லூக்கா சுவிசேஷம் 15-ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆடு கிடைக்கிறது, மேய்ப்பன் அதைத் தோள்களின்மேல் போட்டுக்கொண்டு வருகிறான், அயலார் எல்லோரும் மகிழ்கிறார்கள். மகிழ்ச்சியான முடிவைச் சொல்ல ஆண்டவரே தயங்கவில்லை.

மறுகரை:
அதே லூக்கா 15-ஐ இன்னும் கொஞ்சம் கீழே வாசியுங்கள், ஐயா. அங்கே ஒரு பண்ணை இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மூத்தவன் வயலிலிருந்து வருகிறான், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிய தம்பிக்கு விருந்து நடப்பதைக் கேட்டுக் கோபப்பட்டு உள்ளே போக மறுக்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா, கடைசிவரை வாசலிலேயே நின்றுவிட்டானா என்று சொல்லப்படவே இல்லை. அந்த முடிவைக் கேட்டவர்கள் தாங்களே யோசித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளால் அது முடியாது என்று ஏன் நினைக்கிறோம்?

மேய்ச்சல்நிலம்:
நான் ஆடு வளர்ப்பவன், அதனால் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். இந்தக் கதைகளில் பண்ணை வெறும் திரைச்சீலையாக இருக்கிறது என்பதே என் குறை. விறைத்த குட்டியின் வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருக்கும். அந்த நிலையில் பாலை ஊற்றினால் விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் துடைத்துச் சூடாக்க வேண்டும், பிறகுதான் பால். புதிதாக ஈன்ற குட்டிக்கு முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் போயாக வேண்டும், ஏனென்றால் நோயைத் தாங்கும் சக்தி கருவில் இருக்கும்போது அதற்கு வந்து சேர்வதில்லை, சீம்பால் வழியாகத்தான் வருகிறது. ஒரு நாள் தாண்டிவிட்டால் குடல் அதை ஏற்றுக்கொள்ளாது. தூக்கம் விழித்து இதைச் செய்யும் பிள்ளையும் ஜெபித்துக்கொண்டேதான் செய்யும். கதையில் அந்த வேலை எங்கே?

இன்னொன்றும் சொல்கிறேன். குட்டியைப் பறிகொடுத்த தாய் ஆடு வேறொரு குட்டியைக் கிட்டே விடாது, முட்டித் தள்ளும். செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத குட்டிக்கு அதைப் போர்த்திவிடுவது மேய்ப்பர்களின் பழைய வழக்கம். தாய் மோந்து பார்க்கும், தன் வாசம் என்று ஏற்றுப் பால் கொடுக்கும். சில நாளில் தோலை எடுத்துவிடலாம். ஒன்று செத்தது, அதன் வாசத்தைப் போர்த்திக்கொண்டு இன்னொன்று வீட்டுப் பிள்ளையானது. கிறிஸ்துவைத் தரித்துக்கொள்வது பற்றிக் கலாத்தியர் நிருபம் சொல்வதை இதைவிடக் கிட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் காட்ட முடியுமா? எழுதுகிறவர்கள் ஒருநாள் பட்டியில் வந்து நிற்கட்டும்.

கடுகுவிதை:
தோலை உரிப்பதை வாசித்துவிட்டு ஒரு பிள்ளை அன்றிரவு எப்படித் தூங்கும்? நீங்கள் சொல்வது பெரியவர்களுக்கான பிரசங்கத்துக்கு நல்ல உதாரணம், சிறுவர் கதைக்கு அல்ல. மேலும், ஜெபத்துக்குப் பதில் கிடைத்த சம்பவங்களை வேதாகமம் மறைக்கவில்லை. சாறிபாத் விதவையின் மகன் எலியா ஜெபித்தபோது உயிரடைந்தான். அன்னாள் அழுது கேட்டாள், சாமுவேலைப் பெற்றாள். பிள்ளைகளுக்கு ஏமாற்றம் வரும் என்று பயந்து இவற்றையும் ஒதுக்கிவிடுவோமா?

மேய்ச்சல்நிலம்:
யாத்திராகமம் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவுக்கான பஸ்கா ஆட்டுக்குட்டியைப் பத்தாம் தேதி தெரிந்துகொண்டு, பதினாலாம் தேதிவரை வைத்திருந்து பலியாக அடிக்கச் சொல்லியிருக்கிறது. நான்கு நாள் அந்தக் குட்டி பிள்ளைகளின் கண்முன்னால்தானே இருந்திருக்கும்? அவர்கள் அதற்குப் புல் கொடுத்திருப்பார்கள், பெயர்கூட வைத்திருப்பார்கள். இதற்குப் பொருள் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லுங்கள் என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்யச் சொல்லவில்லை.

சாளரம்:
கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி நடத்துகிறேன். குட்டி பிழைத்ததா செத்ததா என்பதிலேயே எல்லோரும் நிற்கிறீர்கள். எனக்கு உறுத்துவது கதவைத் திறந்து விட்டவன். தங்கைதான் திறந்தாள் என்று அண்ணன் பொய் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா ஒரு பக்கம் பேசுகிறார், அண்ணன் அழுகிறான், தங்கை மன்னிக்கிறாள், அத்துடன் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவர் சகேயு அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். இந்த அண்ணன் என்ன திருப்பித் தந்தான்? பழி சுமந்த இரண்டு நாள் தங்கைக்கு எப்படிப் போயிற்று? உடன்பிறந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கிறவர்கள், மறுநாளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மன்னிப்பு அங்கே மெதுவாகத்தான் வரும். காயினும் ஆபேலும் வயலும் மந்தையும் வைத்திருந்த சகோதரர்கள்தானே. கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதை விவிலியம் முதல் வீட்டிலேயே காட்டிவிடுகிறது.

இந்த வகை எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். ராபர்ட் ரைக்ஸ் இங்கிலாந்தின் குளோஸ்டரில் 1780-இல் ஞாயிறு பள்ளி தொடங்கினார். 1799-இல் லண்டனில் கிறிஸ்தவச் சிறுநூல்களை வெளியிடும் ரிலிஜியஸ் டிராக்ட் சொசைட்டி உருவானது. பிறகு ஒழுங்காக வந்த பிள்ளைகளுக்குப் பரிசாகப் புத்தகம் கொடுக்கும் வழக்கம் பரவியது. பிள்ளைக்கு என்று எழுதினாலும் பெரியவர் பார்த்து வாங்கும் புத்தகம் அது. வாங்குகிறவருக்குப் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இன்றும் போகவில்லை. தாத்தாவின் நீண்ட பேச்சு நமக்காக எழுதப்பட்டது, பிள்ளைக்காக அல்ல.

கடுகுவிதை:
சாளரம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தாத்தா குறைவாகப் பேசலாம். ஆனால் குட்டியைச் சாகவிடும் எழுத்தாளர் அடுத்த பக்கத்தில் என்ன செய்கிறார் என்பதே என் கேள்வி. துக்கத்தைத் திறந்துவிட்டு, யோசித்துக்கொள் என்று பிள்ளையைத் தனியே விட்டுப் போகிற கதைகளும் இப்போது வருகின்றன. அதைவிடப் பிழைத்த குட்டியே மேல்.

மறுகரை:
தனியே விடச் சொல்லவில்லை, ஐயா. சாறிபாத்தையும் அன்னாளையும் நான் வகுப்பில் சொல்லத்தான் செய்கிறேன். ஆபகூக் தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரத்தையும் சேர்த்தே சொல்கிறேன்: "கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்." பண்ணையை வைத்து விசுவாசத்தைச் சொல்ல இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. காலிக் கிடைக்கு முன்னால் நின்று இதைச் சொல்லும் ஒரு தாத்தாவை எழுதுங்கள், அவர் அழட்டும், பிள்ளைகள் அவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அந்தப் புத்தகத்தை நான் பத்துப் பிரதி வாங்குவேன்.

கடுகுவிதை:
அழும் தாத்தாவுக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனாலும் சிறு வகுப்புக்கு, ஆறு ஏழு வயதுக்கு, பிழைத்த குட்டிதான் வேண்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

மறுகரை:
சிறு வகுப்பு என் பொறுப்பில் இல்லை, அவர்களுக்கு வேண்டியதை அவர்களின் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். என் அலமாரியில் பிழைத்த குட்டி இரண்டு புத்தகத்துக்குமேல் இருக்காது. மேய்ச்சல்நிலம், அந்தத் தோல் போர்த்தும் விஷயத்தை நீங்களே கதையாக எழுதுங்கள். வகுப்பில் நான் வாசித்துக் காட்டுகிறேன்.